நந்தலால் போஸும் நூற்படக் கலையும்

ஓவியர் என்னும் பெயரை நாம் எல்லார்க்கும் எளிதில் வழங்குவதில்லை. சட்டமிட்டுச் சுவரில் தூக்குதற்குரிய படத்தை எழுதுவோன் ஓவியன். நூலுக்கும் பத்திரிகைக்கும் பந்தலுக்கும் படம் எழுதுவோன் வெறும் படக்காரன். இப்பாகுபாடு மேனாட்டார் வழியாக நமக்கு வந்தது. கோயிற் சுவரிலும் சீலையிலும் ஏட்டிலும் சித்திரம் எழுதிய முன்னையோர் இதனை அறியார்.

நவீன இந்திய ஓவியருள் இப்பாகுபாட்டைத் தம் தொழிலாலேயே பொய்யாக்கியவர் நந்தலால் போஸ். 1882ஆம் ஆண்டு பிகாரிலுள்ள கரக்பூரிற் பிறந்தவர். 1905இல் கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியில் அவனீந்திரநாத தாகூரின் மாணவராயினார். 1922 முதல் 1951 வரை சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் தலைவராயிருந்தார். 1966இல் காலமானார். நம்மிடையே அவர் பெயரை அறிந்தோர் பெரும்பாலும் அவருடைய இளமைக்காலப் புராண ஓவியங்களைக் கொண்டே அவரை அறிவர். அவர் சிறப்பு அவ்வோவியங்களில் இல்லை, பயன்கருதிப் பிறர்பொருட்டு எழுதிய எளிய படங்களிலேயே உள்ளது என்பது எம் துணிபு.

இளமைக்கால ஓவியங்களை இகழ்தல் எம் கருத்தன்று. 'சதி' என்னும் ஓவியம் மென்மையும் உருக்கமும் வாய்ந்தது. அக்காலத்து வங்க ஓவியர், யப்பானியரிடம் கண்ட முறையைத் தழுவி, வண்ணந் தீட்டிய தாளை நீரில் நனைத்து மீண்டும் தீட்டுவர். அதனால் உருவங்கள் மூடுபனிக்கு அப்பால் நிற்பனபோலத் தோன்றும். தெய்வக் காட்சிக்கு அம்மூடுபனி பொருந்தலாம். ஆனால் எதனை எழுதினும் அதே மூடுபனி வந்து கவிவதாயின், அது காட்சியின் இயல்பன்று, ஓவியன் கைப்பழக்கம் என்றே கொள்ளல் வேண்டும்.

1913இல் இலண்டனில் வெளிவந்த, இந்து பௌத்த புராணக் கதைகளைக் கூறும் நூலிலே இக்குறை தெளிவாகப் புலப்படும். சகோதரி நிவேதிதை தொடங்கி வைத்த அந்நூலை, அவர் மறைவின்பின் முடித்தவர் நம் நாட்டவரான ஆனந்த குமாரசுவாமி. அவனீந்திரநாதர் மேற்பார்வையில் அதற்குப் படம் எழுதியோருள் நந்தலாலும் ஒருவர். படங்கள் அழகியனவே. எனினும் அவை பெரிய ஓவியங்களைச் சுருக்கி நூலினுள் ஒட்டியனபோல நிற்கின்றன. எழுத்து ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். இரண்டும் தம்முட் பேசுவதில்லை.

பதினேழு ஆண்டுகளின் பின், 1930இல், இரவீந்திரநாதர் வங்கச் சிறுவர்க்கு இயற்றிய 'சகஜ பாடம்' என்னும் அரிச்சுவடிக்கு நந்தலால் எழுதிய படங்களோ முற்றிலும் வேறானவை. அவை லினோலியத் தகட்டில் உளியாற் செதுக்கிப் பதிக்கும் முறையில் அமைந்தவை. இம்முறையிலே சாயைக்கு இடமில்லை. செதுக்கிய இடம் வெள்ளை, எஞ்சிய இடம் கறுப்பு. கருவி தடித்தது, நுண்ணிய மயிரிழைகளை அது பொறுக்காது. ஆகவே எதனை விடுவது என்பதை ஓவியன் முதலிலேயே துணிந்துவிடல் வேண்டும். மேலும் இத்தகைய புடைப்புக் கட்டைக்கும் அச்செழுத்துக்கும் பிறப்பு ஒன்றே. மேற்பரப்பில் மை பூசி அழுத்துவதே இரண்டின் இயல்பும். ஆதலின் மலிந்த தாளிலும் படமும் எழுத்தும் ஒரே கறுப்பில் ஒத்து நிற்கும். மரமும் விலங்கும் மனிதரும் எழுத்தைப்போலவே ஒரு பார்வையிற் படிக்கத்தக்கனவாக அமைந்தன. எழுத்தறியாக் குழந்தை முதலிற் படத்தைப் படிக்கும். பின் அதே கண்ணால் எழுத்தைப் படிக்கும். இதனை அறிந்து செய்தவரை வெறும் படக்காரர் என்று எவ்வாறு கூறுவது?

(எம் வகுப்பறைகளிலே பாடநூற் படங்களுக்கு மாணவர் மீசை வரைவது யாவரும் அறிந்ததே. அது குறும்பு என்று தண்டிக்கிறோம். அப்படங்களிற் பல பார்ப்பதற்கு வேறு ஒன்றும் தருவதில்லை என்பதை நாம் எண்ணுவதில்லை.)

அதே 1930ஆம் ஆண்டிலே காந்தியடிகளின் உப்பு யாத்திரையை ஒட்டி அவர் செதுக்கிய படத்தை அறியாதார் அரியர். கரிய வெளியில் சில வெள்ளைக் கோடுகள்; கையிற் கோலூன்றி நடக்கும் ஓர் உருவம். கூட்டமில்லை, கடலில்லை, கொடியில்லை. அரிச்சுவடிக்குப் பயின்ற கையே இதனையும் செதுக்கிற்று. விடுவதைத் துணியும் ஆற்றல் இல்லாதார்க்கு இப்படம் வாய்த்திராது.

1938இல் குஜராத்திலுள்ள ஹரிபுராவில் காங்கிரசு மகாசபை கூடியது. காந்தியடிகளின் விருப்பப்படி அதன் பந்தல்களை அணிசெய்ய நந்தலால் படங்கள் எழுதினார். மாணவர் எடுத்த படிகளையும் சேர்த்து அவை நானூறு அளவின. உழைப்பாளர், இசைவாணர், வேடர், அடுக்களைப் பெண்டிர், தச்சர், கொல்லர் என நாட்டுப்புற வாழ்வே பொருள். கையாற் செய்த தாளில், மண் வண்ணங்களால், தடித்த கோடுகளில், விரைந்து எழுதப்பட்டவை. விரைவினால் இவை செப்பமிழந்தன என்பார் உளர். சிலவற்றில் ஒரே நிலை திரும்பத் திரும்ப வருதல் உண்மையே. ஆயினும் பந்தலில் நடந்துசெல்லும் உழவன் நின்று ஆராயமாட்டான். போகிற போக்கிலே அவன் கண்ணைப் பற்றுதல் வேண்டும். மத்தளம் அடிப்பவன் உடல் முழுவதும் அத்தாளத்தில் வளைந்திருப்பதைக் காணுங்கால், விரைவே அங்கு உயிராயிற்று என்பது புலனாகும். மூடுபனி எங்கே போயிற்று!

இனி, இந்திய அரசியலமைப்பின் கையெழுத்துப் பிரதிக்கு அவரும் மாணவரும் செய்த அணிகளைப் பலரும் அவர் பணியின் முடி என்பர். அதனை முழுமையாக ஒப்புதற்கில்லை. 1950இல் ஒப்பமிடப்பட்ட அப்பிரதியில், இருபத்திரண்டு பகுதிகளின் தலைப்பிலும் ஒவ்வொரு படம் உண்டு. மொகெஞ்சதாரோ எருது முதல் புத்தர், அசோகர், அக்பர், சிவாஜி, காந்தியடிகள் ஈறாக வரலாறு ஊர்வலமாகச் செல்கின்றது. ஒருவரையும் விட்டுவிடலாகாது என்னும் கடப்பாடு அங்கே ஓவியனின் கையைக் கட்டியுள்ளது. கீழேயுள்ள சட்டத்துக்கும் மேலேயுள்ள படத்துக்கும் உறவு மெலிந்தது. இறுதி மூன்று பகுதிகளில் மலையும் பாலையும் கடலும் வருகின்றன. வீரர் எவரும் இல்லாத அவ்விடங்களிலேதான் பழைய நந்தலாலை மீண்டும் காண்கிறோம்.

1976இல் இந்திய அரசு அவருடைய படைப்புக்களை நாட்டின் கலைச்செல்வம் எனச் சட்டத்தால் வகுத்து, வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லாதவாறு காத்தது. வழிப்போக்கர்க்காக எழுதிய ஹரிபுராப் படங்களிற் பல இப்போது டில்லியிலுள்ள நவீனக் கலைக்கூடத்தில் உள்ளன. அவற்றினும் சிறியன, அவர் வாழ்நாளெல்லாம் மாணவர்க்கும் நண்பர்க்கும் தபாலட்டையில் எழுதி அனுப்பிய சித்திரங்கள். ஓர் ஆடு, ஒரு தென்னை, மழையிற் குடைபிடித்துச் செல்லும் ஒருவன். இத்தகைய ஏதோ ஒன்றை மையாலே நாலைந்து கோடுகளில் எழுதி, மறுபுறத்தில் முகவரியிட்டுத் தபாலிற் சேர்த்துவிடுவார்.