ஊர்: அகராதி தவறவிட்ட பொருள்

திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொற்களுள் 'ஊர்' ஒன்று. தமிழிலும் மலையாளத்திலும் ஊர். கன்னடம், தெலுங்கு, துளு ஆகியவற்றில் ஊரு. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஓரினமாகத் தொகுத்துள்ளது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியோ கிராமம், நகரம் என்றவாறு பொருளுரைத்து அமைகின்றது.

ஜேர்மானிய மொழிகளில் இதற்கு ஒப்பானதொரு சொல் உண்டு. பண்டைக் கோதிக் மொழியில் 'ஹைம்ஸ்' என்பது கிராமம். அதன் இனச்சொல் ஆங்கிலத்தில் 'ஹோம்' என நின்று இல்லமாகச் சுருங்கிற்று. 'ஊர்' சுருங்கவில்லை, இடத்தினின்று உறவுக்கு விரிந்தது.

அகராதிகள் காணத் தவறியது இவ்விரிவையே. வலன்ரைன் டானியேல் 1984இல் வெளியிட்ட ஆய்வில், கிராமம் அரசு வரைந்த எல்லை, ஊர் சொல்வோனைப் பொறுத்தது என வேறுபடுத்தினார். இதனை மலையகம் நன்கு விளக்கும். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டமொன்றில் முதியவரிடம் ஊர் வினவினால், அவர் தாம் கண்டிராத திருச்சிப் பக்கத்துக் கிராமத்தைச் சொல்லக்கூடும். வாழ்வது தோட்டம், உறங்குவது லயம். ஊர் கடலுக்கு அப்பால். இதனை அறியாமை என்பார் மொழியை அறியார்.

ஆயினும் அரசுகள் அச்சொல்லை இடப்பெயராகவே கொண்டன போலும். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியோராக்கிற்று. இலங்கையிற் பிறந்தோரும் 'தாயகம் திரும்பியோர்' ஆயினர். நீலகிரியிற் குடியேறிய அவர்களை அங்குள்ளோர் 'சிலோன்காரர்' என்றனர். அங்கே ஊர் எதுவென்ற வினாவுக்குக் கண்டி என்பதே விடையாதலும் உண்டு.