நாட்டிலஸுக்குள் மூன்று வாசகர்கள்

ஜூல்ஸ் வெர்னின் 'கடலடியில் இருபதாயிரம் லீக்' நாவலைப் பாதியில் மூடிவைத்தவர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே புகார்தான் வரும்: மீன். பக்கம் பக்கமாக மீன். சுறா, திருக்கை, சூரை என்று பெயர் தெரிந்தவை கொஞ்சம். லத்தீன் பெயரோடு அணிவகுப்பவை ஏராளம். கப்பல்களைத் துளைக்கும் மர்ம விலங்கு, அதை வேட்டையாடக் கிளம்பும் போர்க்கப்பல் என்று விறுவிறுப்பாகத் தொடங்கிய கதை, திடீரென்று அருங்காட்சியகப் பட்டியலாக நீள்கிறதே என்று அவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

இதே நாவலைச் சிறு வயதில் படித்துவிட்டுக் கடைசிவரை அதிலிருந்து மீளாதவர்களும் உண்டு. நீர்மூழ்கிக் கப்பல் வடிவமைப்பின் முன்னோடிகளில் ஒருவரான சைமன் லேக், தன் வாழ்க்கையின் திசையை முடிவுசெய்தது இந்தப் புத்தகம்தான் என்று எழுதிவைத்தார். 1898இல் அவருடைய ஆர்கோநாட் நீர்மூழ்கி திறந்த கடலில் பயணம் போனபோது, வெர்னே வாழ்த்துத் தந்தி அனுப்பினார். டைட்டானிக் கப்பலின் சிதைவைக் கண்டறிந்த ராபர்ட் பாலர்டுக்கும், நாவலில் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கியைச் செலுத்தும் நீமோதான் சிறுவயது நாயகன். அமெரிக்காவின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி அதே 'நாட்டிலஸ்' என்ற பெயரோடு 1954இல் கடலில் இறங்கியது. மூன்றே ஆண்டுகளில் 60,000 கடல்மைல், அதாவது நாவலின் கணக்கையும் தாண்டிய தொலைவு, ஓடி முடித்தது. தலைப்பில் உள்ள இருபதாயிரம் லீக் கடலின் ஆழம் அல்ல. பயணம் செய்த தூரம். சுமார் 80,000 கிலோமீட்டர்.

ஒரே புத்தகத்தைப் பற்றி இத்தனை எதிரெதிரான கருத்துகள் ஏன்? விடை நாவலுக்குள்ளேயே இருக்கிறது. நாட்டிலஸில் சிறைப்படும் மூவரும் மூன்று வகை வாசகர்கள்.

பாரிஸ் அருங்காட்சியகப் பேராசிரியர் அரோனாக்ஸ் கண்ணாடிச் சன்னல் முன்னால் நின்றால் நேரம் போவதே அவருக்குத் தெரிவதில்லை. அவருடைய பணியாளன் கோன்ஸேய்க்கு உயிரினங்களை வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம் என்று அடுக்கத் தெரியும். ஆனால் எதிரே நீந்துவது என்ன மீன் என்று தெரியாது. கனடாவின் எறியீட்டி வீரன் நெட் லேண்டுக்கோ ஒவ்வொரு மீனின் பெயரும் அத்துபடி; வகைப்பாடு பற்றிக் கவலையே இல்லை. தின்னக்கூடியது, தின்னக்கூடாதது என்ற இரண்டே பிரிவுகள் அவனுக்குப் போதும். இருவரும் சன்னலருகே நின்று இதைப் பற்றி வாதாடும் இடம் நாவலின் மிகச் சிறந்த நகைச்சுவைக் காட்சி. இவர்கள் இருவரையும் சேர்த்தால்தான் ஒரு முழு இயற்கை அறிஞர் கிடைப்பார் என்கிறார் பேராசிரியர். மீன் பட்டியலைக் கண்டு கொட்டாவி விடும் வாசகரை வெர்ன் முன்கூட்டியே அறிந்திருந்தார். அவருக்கு நெட் லேண்ட் என்று பெயரும் வைத்து, தப்பிப்பதையே நினைத்துக்கொண்டிருக்கும் ஆளாகக் கப்பலுக்குள் உலவவிட்டார்.

அந்தப் பட்டியல்கள் வீண் சரக்கு அல்ல. கதையின் கண்ணியே அவைதான். நீமோ தன் கைதிகளைச் சங்கிலியால் கட்டவில்லை. பன்னிரண்டாயிரம் புத்தகங்கள் கொண்ட நூலகத்தைக் கொடுத்தான். சன்னலைத் திறந்துவிட்டான். அரோனாக்ஸ் மீன்களை எண்ண எண்ண, தான் கைதி என்பதை மறந்துபோகிறார். நெட் தப்பிக்கத் திட்டம் போடும்போதெல்லாம் இன்னும் ஒரு கடல், இன்னும் ஒரு அதிசயம் என்று அவர் மனம் பின்வாங்குகிறது. ஓர் அறிஞன் தன் ஆர்வத்தாலேயே எப்படி விலைபோகிறான் என்பதை வெர்ன் எங்கும் விளக்கிச் சொல்லவில்லை; பட்டியல்களின் நீளத்தாலேயே உணர்த்துகிறார். அவற்றைத் தாண்டிப் போகிறவர் கடைசியில் மிஞ்சும் சாகசத்தை மட்டும் படித்தவராகிறார். பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1957இல் இதை வேறொரு பக்கத்திலிருந்து தொட்டார்: வெர்னின் கப்பல் தரும் இன்பம் பயண இன்பமே அல்ல, கதவடைத்துக்கொண்டு உள்ளே பத்திரமாக இருக்கும் இன்பம் என்றார் அவர். அரோனாக்ஸைப் பொறுத்தவரை அது முழு உண்மை.

பிழை தேடும் வாசகர்களுக்கும் இங்கே வேலை உண்டு. நாட்டிலஸ் 16,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. உலகின் மிக ஆழமான பள்ளமே 11,000 மீட்டரைத்தான் ஒட்டி வரும். தென்துருவத்தில் பனிக்கு அப்பால் திறந்த கடல் இருப்பதாக எழுதியதும் தவறு. ஆனால் வங்காள விரிகுடாவின் முகப்பில், இரவில் பால்போல வெளுத்து ஒளிரும் கடலை விவரித்தாரே, அது கப்பலோட்டிகளின் கட்டுக்கதை அல்ல. 1995 ஜனவரியில் சோமாலியாவுக்கு அப்பால் 'லிமா' என்ற வணிகக் கப்பல் அப்படி ஒரு கடலைக் கடந்தது. செயற்கைக்கோள் பதிவுகளில் அதே இரவின் ஒளியைத் தேடிக் கண்டுபிடித்து 2005இல் அறிவியலாளர்கள் வெளியிட்டார்கள். பரப்பு ஏறத்தாழ 15,000 சதுர கிலோமீட்டர். ஒளிரும் பாக்டீரியாக்களே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. நுண்ணுயிர்களின் வேலைதான் என்ற அளவில் அரோனாக்ஸின் விளக்கமும் உண்மைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

வெர்ன் பெயரில் ஏறிய பிழைகள் எல்லாமே அவருடையவையும் அல்ல. 1870களில் லூயிஸ் மெர்சியர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு மூலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டியது. வெட்டுப்பட்டவற்றில் அறிவியலும் அரசியலும் அதிகம். கப்பலின் எஃகு நீரைவிட 7.8 மடங்கு அடர்த்தி கொண்டது என்று வெர்ன் எழுதியிருக்க, அந்தப் பதிப்பில் அது நீரைவிட லேசாகிவிட்டது. ஆங்கிலம் வழியே படித்தவர்கள் நூறு ஆண்டுகளாக வெர்னைச் சிறுவர்களின் எழுத்தாளர் என்று ஒதுக்கியதில் இந்தப் பதிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 1965இல் வால்டர் ஜேம்ஸ் மில்லர் மூலத்தோடு ஒப்பிட்டு இந்தக் குளறுபடிகளை அம்பலப்படுத்தினார். இன்று படிக்க விரும்புகிறவர் பழைய மலிவுப் பதிப்பை விட்டு, முழு மொழிபெயர்ப்பைத் தேடி வாங்குவது நல்லது.

நாவலின் முதல் அதிருப்தி வாசகர் பதிப்பாளர் பியேர் ஜூல் ஹெட்ஸெல்தான். அவருடைய குடும்ப இதழில்தான் 1869 மார்ச் முதல் 1870 ஜூன் வரை இது தொடராக வந்தது. ரஷ்யர்களிடம் குடும்பத்தைப் பறிகொடுத்துப் பழிவாங்கப் புறப்பட்ட போலந்துப் பிரபுவாகவே நீமோவை வெர்ன் நினைத்திருந்தார். ரஷ்யாவைப் பகைத்துக்கொள்ள ஹெட்ஸெல் விரும்பவில்லை. அடிமை வணிகர்களை எதிரியாக்கலாமே என்றார். வெர்ன் அதற்கு இணங்கவில்லை. காரணத்தைச் சொல்லாமலேயே விட்டுவிட்டார். நீமோ யாருடைய கப்பலை மூழ்கடிக்கிறான், ஏன் மூழ்கடிக்கிறான் என்பது நாவல் முடியும்வரை தெரிவதில்லை. பதிப்பாளரின் அச்சத்திலிருந்து உலக இலக்கியத்தின் மிக நல்ல மர்மங்களில் ஒன்று பிறந்தது.

பிறகு 'மர்மத் தீவு' நாவலில் விடை வந்தது. நீமோ இந்தியன்; புந்தேல்கண்டின் இளவரசன் டக்கார், திப்பு சுல்தானின் உடன்பிறந்தாரின் மகன், 1857 கிளர்ச்சியில் போரிட்டுக் குடும்பத்தை இழந்தவன். வாசகர்கள் இதிலும் இரண்டு கட்சி. இரு நாவல்களின் ஆண்டுக் கணக்குகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று விரல் விட்டுக் காட்டுகிறவர்கள் ஒரு பக்கம். ஆங்கிலேயப் பேரரசை எதிர்க்கும் இந்திய விஞ்ஞானியை 1870களிலேயே ஒரு பிரெஞ்சுக்காரர் நாயகனாக்கினாரே என்று நெகிழ்கிறவர்கள் மறுபக்கம். திரைப்படம் இந்த இரண்டாவது கட்சியை நெடுங்காலம் ஏமாற்றியது. டிஸ்னியின் 1954ஆம் ஆண்டுப் படத்தில் நீமோ ஆங்கில நடிகர் ஜேம்ஸ் மேசன். 2003இல் வந்த 'தி லீக் ஆஃப் எக்ஸ்ட்ராஆர்டினரி ஜென்டில்மென்' படத்தில்தான் நஸீருதீன் ஷா அந்த வேடத்தை ஏற்றார்.

டக்காரைத் தெரிந்துகொண்ட பிறகு திரும்பப் படிக்க வேண்டிய அத்தியாயம் மன்னார் வளைகுடா. நாட்டிலஸ் இலங்கையை நெருங்குகிறது. முத்துச்சிப்பிகள் நிறைந்த பாரில் நீமோ, தன் கைதிகளோடு கடலடியில் நடந்து போகிறான். முத்துக்குளிப்புப் பருவம் தொடங்கும் முன்னரே தனியாக வந்து, காலிடுக்கில் கல்லோடு இறங்கி இறங்கி ஏறும் ஒரு குளியாளைக் காண்கிறார்கள். சுறா பாய்கிறது. மனித குலத்தையே விட்டு விலகியதாகச் சொன்ன நீமோ கத்தியோடு குறுக்கே போய் விழுகிறான். நெட் லேண்டின் ஈட்டி அவனைக் காப்பாற்றுகிறது. பிழைத்த மனிதனின் கையில் நீமோ ஒரு பை முத்தைத் திணிக்கிறான். அந்த மனிதன் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவன், தானும் அந்நாட்டவனே என்று பின்னர் அரோனாக்ஸிடம் சொல்கிறான். இதை எழுதியபோது வெர்னின் மனத்திலிருந்த நீமோ இந்தியன் அல்லன். அதனாலேயே அந்தச் சொல் ரத்த உறவின் சொல்லாகச் சுருங்காமல் இன்னும் பெரியதாக ஒலிக்கிறது. இந்த ஓர் இடத்துக்காகவே, டக்காராக மாறிய நீமோவைவிடப் பெயரற்ற நீமோ உயர்ந்தவன் என்று சொல்லலாம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நீமோவிடமிருந்து பொன் பெறும் கிரேக்கக் குளியாளுக்கு வெர்ன் பெயர் கொடுத்தார். மன்னார்க்காரனுக்குப் பெயரும் இல்லை, பேச ஒரு வார்த்தையும் இல்லை. வெர்ன் இந்தப் பக்கம் வந்தவரல்லர். இலங்கை பற்றிய பயண நூல்களே அவருக்கு ஆதாரம். தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் அரிப்புக் கரைக்கு வந்து குவிந்த குளியாட்கள், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்ட அமர்த்தப்பட்ட கடல்கட்டிகள், அவர்களுக்கு அரசே கூலி கொடுத்த வழக்கம், இவை எதுவும் நாவலில் இல்லை. பார்களும் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பும் அன்று ஆங்கில அரசின் உடைமை. எடுத்த சிப்பியில் பெரும் பங்கு அரசுக்கு. பருவத்துக்கு முன்னால் களவாகக் குளிக்க வந்த ஓர் ஏழை, ஒரு பை முத்தை யாரிடம் காட்டி விற்றான், எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு என்ன பதில் சொன்னான், நீருக்கடியில் செப்புத் தலையோடு நடந்து வந்த நால்வரைப் பற்றி வீட்டில் எப்படி விவரித்தான்? வெர்ன் எழுதாமல் விட்ட அந்த அத்தியாயம் மன்னார்க் கரையின் எழுத்தாளர் ஒருவருக்காக இன்னும் காலியாக இருக்கிறது.