'சேவ்' கேட்காத கோப்பு

மைக்ரோசாஃப்ட் அக்சஸில் ஒரு டேபிளைத் திறந்து, ஒரு ரெக்கார்டில் பெயரைத் திருத்திவிட்டு அடுத்த வரிக்கு நகர்ந்தால், திருத்தம் கோப்புக்குள் போய்விடும். 'சேவ்' அழுத்த வேண்டியதில்லை. மூடும்போது 'சேமிக்கவா?' என்ற கேள்வியும் வராது. வேர்டில் பழகியவர் தவறாக எதையாவது தட்டிவிட்டால், சேமிக்காமல் மூடினால் பழையபடி இருக்கும் என்று நம்புவார். இங்கே இருக்காது. ஆனாலும் ஃபைல் மெனுவில் 'சேவ்' வழக்கமான இடத்திலேயே நிற்கிறது. அது முக்கியமாகச் சேமிப்பது ஃபார்ம், குவரி, ரிப்போர்ட் ஆகியவற்றின் வடிவமைப்பை.

ஆவணங்களுக்காக உருவான ஃபைல் மெனு, தரவுத்தளத்துக்குப் பொருந்துகிறதா? அக்சஸ், ஃபைல்மேக்கர், லிப்ரெஆஃபிஸ் பேஸ் ஆகிய மூன்றையும் இந்தக் கேள்வியை வைத்து எடைபோடலாம். தரவுக்கு என்ன நேர்கிறது என்பதை மெனு உள்ளபடி சொல்கிறதா, மீட்க முடியாத இழப்பிலிருந்து பயனரைக் காக்கிறதா என்ற இரண்டை மட்டும் பார்க்கிறேன். அழகு, வேகம் எல்லாம் இங்கே இரண்டாம் பட்சம்.

1992 நவம்பரில் அக்சஸ் வெளிவந்தபோது இந்த மெனுவின் வடிவம் ஏற்கெனவே உறைந்திருந்தது. 1984இன் மெக்கின்டாஷ் அதைப் பரவலாக்கியது. ஐபிஎம் 1987இல் வகுத்த இடைமுக நெறிகள் அதை உறுதிப்படுத்தின. 'நியூ', 'ஓபன்', 'சேவ்', 'சேவ் ஆஸ்', 'பிரிண்ட்' என்ற வரிசை பெரும்பாலான மென்பொருள்களுக்குப் பொதுவானது. ஒன்றைக் கற்றவர் மற்றதையும் கையாளலாம் என்பது அதற்கான நியாயம். அந்த நியாயம் வலுவானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழக்கம் உதவுவது, அதே சொல் அதே வேலையைச் செய்யும் வரைதான். மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர் 1995இல் வெளியிட்ட 'அபவுட் ஃபேஸ்' நூலில், நினைவகம், டிஸ்க் என்ற கணினியின் உட்பிரிவைப் பயனரின் தலையில் கட்டுவதுதான் 'சேவ்' என்று வாதிட்டார். தரவுத்தளம் அந்தச் சுமையை இறக்கிவிட்டது. மெனு மட்டும் இன்னும் அதைச் சுமக்கிறது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, கோப்பைச் சுருக்கிப் பழுதுபார்க்கும் 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' கட்டளை. அக்சஸில் ரெக்கார்டுகளை நீக்கினாலும் கோப்பின் அளவு குறையாது. வெற்றிடம் உள்ளேயே கிடக்கும். ஒரு கோப்புக்கு 2 ஜிகாபைட் என்பது உச்சவரம்பு என்பதால், சுருக்காமல் விட்டால் நாளடைவில் இடைஞ்சல்தான். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுக் கணினி மையங்களில் டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளைக் கற்றவர்களுக்கு இது பழைய கதை. அங்கே 'டெலீட்' என்றால் ரெக்கார்டின் மேல் ஒரு குறி விழும், அவ்வளவே. 'ரீகால்' சொன்னால் அது திரும்பி வரும். 'பேக்' சொன்ன பிறகுதான் நிரந்தரமாகப் போகும். இடம் காலியாகாததற்கு ஈடாக, மனம் மாற ஓர் அவகாசம் கிடைத்தது. அக்சஸிலோ நீக்கியதை உறுதிசெய்த பிறகு திரும்பப் பெற எந்தக் கட்டளையும் இல்லை, இடமும் காலியாவதில்லை. இரண்டு நன்மையில் ஒன்றும் பயனருக்குக் கிடைக்காத ஏற்பாடு இது. கட்டளைக் கோட்டிலிருந்து மெனுவுக்கு வந்த பயணத்தில் நாம் இழந்த ஒன்று என்றே இதைக் கருதுகிறேன்.

அக்சஸின் 2003 பதிப்பு வரை 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' கட்டளை 'டூல்ஸ்' மெனுவின் அடியில் இருந்தது. 2010 பதிப்பில் ஃபைல் திரையின் முதல் பக்கமான 'இன்ஃபோ'வில் பெரிய பொத்தானாக முன்னுக்கு வந்தது. பராமரிப்பு கண்ணில் படுவது நல்லதுதான். ஆனால் பழுதுபார்க்கும்போது சேதமான பகுதியிலுள்ள தரவு வெட்டுப்படலாம் என்றும், முதலில் பேக்கப் எடுக்க வேண்டும் என்றும் மைக்ரோசாஃப்டின் உதவிக் குறிப்பே சொல்கிறது. அந்த பேக்கப் எங்கே? 'சேவ் ஆஸ்' திறந்து, 'சேவ் டேட்டாபேஸ் ஆஸ்' தேர்ந்து, 'அட்வான்ஸ்ட்' என்ற தலைப்பின் கீழே தேட வேண்டும். ஆபத்துள்ள வேலை ஒரே சொடுக்கில் நடக்கிறது, அதற்கான காப்பு மூன்று படி தள்ளி இருக்கிறது. பேக்கப் எடுப்பது 'அட்வான்ஸ்ட்' திறமையும் அல்ல. தரவுத்தளம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் முதல் நாளே கற்க வேண்டியது.

'பேக்கப் டேட்டாபேஸ்' கட்டளை நன்றாகவே வேலை செய்கிறது: கோப்புப் பெயரோடு தேதியைத் தானே சேர்த்துத் தருகிறது. குறை வேறிடத்தில். பலர் பயன்படுத்தும் அக்சஸ் தரவுத்தளத்தை இரண்டாகப் பிரித்து வைப்பது வழக்கம். டேபிள்கள் ஒரு கோப்பில் பொதுக் கணினியில் இருக்கும். ஃபார்ம்களும் ரிப்போர்ட்டுகளும் அவரவர் கணினியில் வேறொரு கோப்பில் இருந்து அந்த டேபிள்களோடு இணைக்கப்பட்டிருக்கும். ஊழியர் தம் கணினியில் பேக்கப் எடுத்தால் நகலில் வருவது ஃபார்ம்களும் ரிப்போர்ட்டுகளும் இணைப்புகளும் மட்டுமே. தரவின் ஒரு வரிகூட வராது. மெனு அதைச் சொல்வதில்லை. ஒரு பள்ளி அலுவலகமோ கூட்டுறவுச் சங்கமோ ஆண்டுக்கணக்கில் தவறாமல் இப்படி நகல் எடுத்துவிட்டு, டிஸ்க் பழுதாகும் நாளில் வெறும் ஃபார்ம்களோடு நிற்க நேரலாம். இந்த மெனுவில் நான் காணும் மிகப் பெரிய குற்றம் இதுதான்.

'ஓபன்' கட்டளை இதற்கு நேர்மாறு. 'ஓபன்' பொத்தானின் ஓரத்திலுள்ள அம்புக்குறியில் 'ரீட்-ஒன்லி', 'எக்ஸ்க்ளூசிவ்' ஆகிய தெரிவுகள் ஒளிந்திருக்கின்றன. பார்க்க மட்டும் வேண்டியவர் எதையும் கெடுக்காமல் பார்க்கலாம். கடவுச்சொல் போட வேண்டியவர் கோப்பை 'எக்ஸ்க்ளூசிவ்' முறையில், வேறு யாரும் திறக்க முடியாதபடி, திறந்தே ஆக வேண்டும். ஒரே கோப்பைப் பலர் தொடுவார்கள் என்பதை உணர்ந்து செய்த வேலை இது. ஏசிசிடிஇ கோப்பு ஆக்கும் கட்டளையும் பயனுள்ளது. நிரலின் மூலத்தை நீக்கிவிடுவதால் மூலக் கோப்பைத் தனியே பத்திரப்படுத்த வேண்டும், அவ்வளவே.

ஃபைல்மேக்கரின் ஃபைல் மெனுவில் 'சேவ்' என்ற கட்டளையே இல்லை. தானே சேமிக்கும் மென்பொருளுக்கு அது தேவையில்லை என்று துணிந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் 'சேவ் அ காப்பி ஆஸ்' இருக்கிறது: முழு நகல், சுருக்கிய நகல், ரெக்கார்டுகள் இல்லாத வெற்று நகல் என்று எது வேண்டுமென அது கேட்கிறது. சுருக்குவதே நகலில்தான் நடக்கிறது. மூலம் அப்படியே இருக்கும். 'ரெகவர்' கட்டளையும் பழுதான கோப்பைத் தொடாமல் புதிய கோப்பை உண்டாக்குகிறது. அந்த மீட்ட கோப்பில் தொடர்ந்து வேலை செய்ய வேண்டாம், தரவை எடுத்து நல்ல நகலுக்கு மாற்றுங்கள் என்கிறது அதை உருவாக்கும் கிளாரிஸ் நிறுவனம். அந்த எச்சரிக்கை மெனுவிலேயே தெரிந்தால் இன்னும் நல்லது.

லிப்ரெஆஃபிஸ் பேஸ் இலவசம், தமிழ் இடைமுகமும் உண்டு. அதனால் அதை உயர்த்திச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் எச்எஸ்க்யூஎல்டிபி என்ற தரவுத்தள இயந்திரம் உள்ளமைந்த கோப்புகளில் இரண்டு சேமிப்புகள் நடக்க வேண்டும். ஃபார்மில் ரெக்கார்டைச் சேமித்தாலும், கோப்பைச் சேமிக்கும் வரை அல்லது முறையாக மூடும் வரை அது டிஸ்க்கிலுள்ள மூலக் கோப்பில் இருக்குமென்ற உறுதி இல்லை. நடுவில் மின்சாரம் போனால் உழைப்பு போகலாம். மின்வெட்டுள்ள ஊரில் இது சிறு குறையல்ல. சுருக்குவதற்கும் மெனுவில் கட்டளை கிடையாது. எஸ்க்யூஎல் சாளரத்தில் 'செக்பாயிண்ட் டீஃப்ராக்' என்று தட்ட வேண்டும்.

ஆகவே மெனுவின் நேர்மையில் ஃபைல்மேக்கர் முதலிடம். அக்சஸ் இரண்டாவது: கட்டளைகள் திடமானவை, அவற்றை அடுக்கிய விதம்தான் பயனரைக் கைவிடுகிறது. பேஸ், அதன் உள்ளமைந்த தரவுத்தளத்தைப் பொறுத்தவரை, முக்கியமான பதிவேடுகளை ஒப்படைக்கத் தக்கதல்ல. வெளியிலுள்ள மரியாடிபி போன்ற சர்வரோடு இணைத்தால் இந்தக் குறை பொருந்தாது. அக்சஸைத் திருத்தப் பெரிய மாற்றம் வேண்டாம். பேக்கப் பொத்தானை 'இன்ஃபோ' பக்கத்தில் 'காம்பாக்ட்'டுக்கு மேலே வைத்து, இணைக்கப்பட்ட டேபிள்கள் இருந்தால் அவற்றின் கோப்பையும் சேர்த்து நகலெடுக்கவா என்று கேட்டால் போதும். அதுவரை தரவுக் கோப்பு இருக்கும் கணினியில், அந்தக் கோப்பையே நேரடியாகத் திறந்துதான் பேக்கப் எடுக்க வேண்டும்.