ஆரண்ய காண்டத்தில் எள்ளல்

கொலைக்கிடையே நகை விளைப்பன ஆங்கிலக் கள்வர் படங்கள் சில. கை ரிச்சியின் 'லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்' (1998) அவற்றுள் பெயர் பெற்றது. பழந்துப்பாக்கிகள் இரண்டு தற்செயலாகக் கைமாறுதலே அதன் பல கதையிழைகளையும் ஒன்றாக முடிகின்றது. தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011) அதன் வழிநூல் என்பாருடன் நாம் உடன்படோம்.

இவ் வடசென்னைக் கதையில் முடிச்சிடுவோர், வலியோர் ஒரு பொருட்டாக எண்ணாத எளியோர். கொடுக்காப்புளி என்னும் சிறுவன், கைக்கு வந்த போதைப்பொருளைக் கொண்டு பேரம் பேசித் தந்தையை மீட்கிறான். சிறையிருந்த சுப்புவோ, துணையென வந்த சப்பையையே இறுதியில் சுட்டுவிட்டுச் செல்கிறாள். பெயரிலேயே எள்ளப்பட்டவன் அவன்!

தொல்காப்பியர் நகைக்கு முதற்களனாக வைத்தது எள்ளல். பிறரை எள்ளி நகுதலும், எள்ளப்பட்டவர் தாம் நகுதலும் என அதனை இரண்டாக்குவர் பேராசிரியர். இப் படத்தின் நகை இரண்டாவதன்பாற் படும்; ரிச்சியின் நகை முதலாவதைக் கடந்திலது என்பது எம் துணிபு.