தரை இல்லாத விண்கலம்

ஜின்ராஜ் ஜோஷிபுராவின் 'ஸ்பேஸ் லைனர் 2001'ஐ ஓசூர் சிப்காட் பக்கம் ஓர் அறையில் போட்டுக் கேட்டோம். இரவு ஷிஃப்ட் முடித்து வந்திருந்த நண்பர் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னாங்கண்ணா இது, கம்ப்ரசர்ல காத்து லீக்காவுற மாதிரி இருக்குது?" என்றார். இதைக் கேலி என்று எடுத்துக்கொண்டால் பிரதியைத் தவறவிடுவோம். எந்திர ஓசைக்குள்ளேயே வாழ்கிற காது சொன்ன விமர்சனம் அது.

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் ஒரு மோக் சிந்தசைசர் வந்திறங்கியது. நிறுவிக் கொடுத்தவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ட்யூடர். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா ஆகியோரோடு கட்டிடக்கலை மாணவர் ஜோஷிபுராவும் அதில் வேலை செய்தார். அந்த எந்திரத்தில் சுருதி என்பது மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். குரு யார், பாணி எது, எந்த வம்சம் என்று அது கேட்காது. சபா வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களுக்கு இது சின்ன விஷயமா? ஜெர்மனியின் டாஞ்சரின் ட்ரீம் 'ஆல்ஃபா சென்டாரி'யை வெளியிட்டது 1971இல். இங்கேயும் ஏறத்தாழ அதே காலம். 'மேற்கின் நகல்' என்று தள்ளிவிடுவது சோம்பேறித்தனம்.

'மேட்டுக்குடி பொம்மை' என்பார்கள் நம் தோழர்கள். பாதி சரி. கீதாவின் சகோதரர்தான் விக்ரம் சாராபாய். குடும்பத்துக்குக் காலிகோ ஆலை இருந்தது. 1963இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்ப மீனவர்கள் தங்கள் கரையை விட்டு நகர வேண்டியிருந்தது. அந்தக் கரை இந்த ஒலியில் இல்லை. கலம் மிதக்கிறது, மிதந்துகொண்டே இருக்கிறது. அதைப் பற்றவைத்தவன், போல்ட் முறுக்கியவன் யாருடைய சத்தமும் கிடையாது. உள்ளே பயணிகள் மட்டும்தான்.

என் கோபம் வேறிடத்தில். அந்த நாடாக்கள் நிறுவனக் காப்பகத்திலேயே கிடந்தன. பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைத் தேடியெடுத்துத் தொகுத்து, 2023இல் லண்டன் நிறுவனமொன்று வெளியிட்டது. தலைப்பிலிருந்த 2001 வந்து, போய், இருபத்திரண்டு வருஷம் கழித்துத்தான் நம் காதில் விழுகிறது! பொதுப்பணத்தில் வளர்ந்த கல்விக்கூடத்தின் ஒலி. இதற்கிடையில் 'எலக்ட்ரானிக்ஸ்' என்ற சொல் இந்த எல்லைப் பகுதியில் விடுதி வாசலில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களின் சொல்லாகிவிட்டது. மோக்கின் திருகுகளைத் தொட்டவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இரண்டாம் பகுதி ஓடும்போது நண்பர் தன் போனில் பதிந்து வைத்திருந்த பிரஸ் ஷாப் சத்தத்தைக் கூடவே போட்டார். "இப்பக் கேளுங்கண்ணா" என்றார். முதலிலிருந்து மறுபடி போட்டோம்.