தனக்கெனப் போட்ட உளிப்பிடி

எரிக் ரேமண்ட் 1997-இல் எழுதிய ‘தி கதீட்ரல் அண்ட் தி பஜார்’ கட்டுரையை, பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் பலர் படித்திருக்கக்கூடும். நல்ல மென்பொருள், அதை எழுதுகிறவரின் சொந்தத் தொல்லையிலிருந்தே பிறக்கிறது என்பது அவர் வாதம். தச்சர் தம் உளிக்குத் தாமே பிடி போட்டுக்கொள்வதுபோல. கேட்க நன்றாகத்தான் இருக்கு. பாதிதான் உண்மை என்பது என் கட்சி.

பிறப்பைப் பற்றி அவர் சொல்வது சரி. டொனால்ட் நூத், தம் கணினி நூல் வரிசையின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு 1977-இல் வந்த அச்சுப்படியைப் பார்த்து மனம் நொந்துபோனார். எழுத்துகள் அவ்வளவு அசிங்கம். அச்சுக்கோப்புக்குத் தாமே ‘டெக்’ மென்பொருளை எழுதத் துணிந்தார். சீக்கிரம் முடியும் என நினைத்த வேலை பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. லினஸ் டோர்வால்ட்ஸோ, 2005 ஏப்ரலில் பிட்கீப்பரின் இலவச உரிமம் பறிபோனதும், சில நாட்களிலேயே ‘கிட்’டை எழுப்பி நிறுத்திவிட்டார்.

பிழைத்தது எப்படி? நூத் 1984-இல் ஒரு முழுப் புத்தகமே விளக்கமாக எழுதினார். தம் பிழைகளைக் கணக்கு வைத்து அச்சிலும் ஏற்றினார். (எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்!) டோர்வால்ட்ஸ் அதே ஆண்டு ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்தார். கிட் என்றதும் நினைவுக்கு வருவது டோர்வால்ட்ஸ் பெயர். பல்லாண்டு கட்டிக் காத்தவர் ஹமானோ.

ரேமண்ட் உதாரணம் காட்டும் ஃபெட்ச்மெயிலே இன்னொருவர் எழுதிய நிரலை ஏற்று வளர்த்ததுதான். அலுத்துப்போனால் தகுந்தவரிடம் ஒப்படை என்றும் அவர் சொல்லாமல் இல்லை. ஆனால் போகிற போக்கில் சொல்கிறார். அழுத்தமெல்லாம் தொடங்கியவர் மீதே.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் வாரக் கணக்கைத் தயாரிக்க ஒருவர் தமக்கென ஒரு நிரல் எழுதினார். மூன்று மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்; பதவி உயர்வும் வந்தது. அவர் வேறு நிறுவனத்துக்குப் போனதும், “ஓடுதில்ல, தொடாதே!” என்பதே எங்கள் கொள்கையாயிற்று. கடைசியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், இரவுகளில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்து, யாரும் திருத்தலாம் என்ற அளவுக்குக் குறிப்பு எழுதி வைத்தார். அந்த ஆண்டு மதிப்பீட்டுத் தாளில் அந்த வேலையை எழுதுவதற்குக் கட்டமே இல்லை.