எழுத்தாணி ஏன் நின்றது?

எழுதுவோர் கூடும் இடங்களில் நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. "தாளும் பேனாவும் எடுத்து அமர்ந்தால் ஒரு வரிகூட எழவில்லை" என்பதே அது. இதற்கு நம்மவர் இரு விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கின்றனர். "உள்ளத்தில் ஊற்றெடுக்கும் வரை காத்திருங்கள்" என்பர் ஒரு சாரார். "எல்லாம் சோம்பல், நாள்தோறும் எழுதிப் பழகினால் தானே வரும்" என்பர் மறு சாரார். இவ்விரண்டும் நோய் இன்னதென்று நாடிப் பாராமல் கொடுத்த மருந்துகள் என்பதே நம் கருத்து.

நோயை நாடுவதற்கு நம் இலக்கிய வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. சீறாப்புராணம் பிறந்த கதையை நம்மில் அறியாதார் இலர். ஆயினும் அதனை ஒரு படைப்பாளியின் இடர்ப்பாட்டுக் கதையாக நாம் நோக்கியதில்லை.

உமறுப்புலவர் கடிகைமுத்துப் புலவரின் மாணாக்கர்; எட்டயபுரம் அவையில் புகழ்பெற்றவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழில் காப்பியமாக்க வேண்டுமென்று கீழக்கரை வள்ளல் சீதக்காதி வேண்டியபோது, புலவருக்குச் சொல்வளம் குறைவில்லை, யாப்பறிவு குறைவில்லை, ஊக்குவிக்கப் புரவலரும் இருந்தார். எனினும் நூல் தொடங்கவில்லை. ஏன்? பாட வேண்டிய பொருள் அரபு நூல்களில் இருந்தது. அதனை எடுத்துரைக்குமாறு அவர் சதக்கத்துல்லா அப்பா அவர்களை அணுகினார் என்றும், புலவரின் கோலத்தைக் கண்ட அப்பா முதலில் இசையவில்லை என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, புலவர் தம் கற்பனையைக் கொண்டு அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடவில்லை என்பதே. நிரப்பியிருக்க அவரால் முடியும். ஊரும் ஆறும் அரசனும் வருணிப்பதில் கைதேர்ந்தவருக்குச் சில நூறு விருத்தங்கள் ஒரு பொருட்டன்று. பொருள் கைக்கு வராத நிலையில் எழுத்தாணியை நிறுத்தியது அவருடைய நேர்மை. எனவே எழுத்துத் தடை எல்லாமே குறை அன்று. "நீ இன்னும் அறியவில்லை" என்று உள்ளம் நமக்கு அறிவிக்கும் தடையும் உண்டு. அத்தகைய தடைக்குக் காத்திருத்தலும் மருந்தாகாது. நாள்தோறும் தாளை நிரப்புதலும் மருந்தாகாது. தேடிச் சென்று கற்றலே மருந்து.

அடுத்து நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது இன்னும் சுவையானது. மனம் நொந்த புலவர் வாளா இருக்கவில்லை. 'முதுமொழிமாலை' என்னும் சிறு நூலைப் பாடினார். அதன் பின்னரே கனவும், அப்பாவின் இசைவும், காப்பியத்தின் தொடக்கமும் வருகின்றன. நம் மேடைகள் கனவின் சிறப்பை விரித்துரைக்கின்றன. அதில் நாம் குறுக்கிடவில்லை. ஆனால் கனவுக்கு முன்னர் ஒரு சிறு நூல் நிற்கிறதே, அதனை ஏன் தாண்டிச் செல்ல வேண்டும்? பெரிய வாயில் அடைபட்டபோது, தம் ஏக்கத்தையே பொருளாக்கிப் புலவர் சிறிய வாயில் ஒன்றைத் திறந்துகொண்டார். அரபு நூலறிவு அதற்கு வேண்டியதில்லை. தம் நெஞ்சம் ஒன்றே போதுமாயிருந்தது. பெருநூல் நின்றுவிட்டதென்று பேனாவையே மூடிவைப்போர் கற்க வேண்டிய பாடம் இது.

மூன்றாவது, கேட்போர் வேண்டும். சீதக்காதி மறைந்த பின் புலவரைத் தாங்கியவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். காப்பியத்தினுள் பல இடங்களில் புலவர் அவரைப் போற்றுவதை வெறும் நன்றிக்கடன் என்று நாம் கருதவில்லை. தம் பாட்டுக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்னும் உணர்வு அதில் ஒலிக்கிறது. உருசிய நாட்டில் தஸ்தயேவ்ஸ்கிக்கும் இது நேர்ந்தது. 1866 இல் குறித்த நாளுக்குள் ஒரு நாவலைக் கொடுக்கத் தவறினால் ஒன்பது ஆண்டுகளுக்குத் தம் நூல்களின் உரிமையைப் பதிப்பாளரிடம் இழக்கும் நிலையில் அவர் இருந்தார். அன்னா என்னும் சுருக்கெழுத்துப் பெண் எதிரே அமர்ந்து குறித்துக்கொள்ள, 'சூதாடி' 26 நாட்களில் முடிந்தது. கெடு விரட்டியது உண்மையே. எனினும் அந்தக் கெடு அதற்கு முன்னரும் இருந்ததே! எதிரே ஒரு செவி வந்தமர்ந்த பின்னரே சொல் ஓடியது.

நாள்தோறும் எழுதுக என்போர் ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப்பைச் சான்று காட்டுவர். கடிகாரத்தை முன்வைத்துக் கால்மணிக்கு 250 சொற்கள் எழுதி, 47 நாவல்களை முடித்தவர் அவர். ஆனால் அவர் அஞ்சல் துறை அலுவலர். அயர்லாந்திலும் இங்கிலாந்தின் ஊர்ப்புறங்களிலும் பணிக்காக அலைந்து மனிதரைக் கண்டவர். கடிகாரம் அவருக்கு அளந்து கொடுத்தது. சரக்கு ஏற்கெனவே பண்டகசாலையில் இருந்தது. வெறும் பண்டகசாலைக்கு அளவுகோல் எதற்கு?

இவ்விடத்தில் இதழ் நடத்துவோரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெருநாள் மலருக்கும் மீலாது மலருக்கும் பத்து நாள் தவணையில் கவிதை கேட்கிறோம். கவிஞரும் தடையின்றித் தருகிறார். சென்ற ஆண்டின் பிறையும், தென்றலும், பாலைவனமும் இவ்வாண்டும் வரிசை மாறி வந்து நிற்கின்றன. இத்தகைய தடையற்ற எழுத்தைக் காட்டிலும், "இன்னும் கைகூடவில்லை" என்று ஒருவர் எழுதும் அஞ்சலட்டை நம் மதிப்புக்குரியது அன்றோ?

சீறாப்புராணம் மூன்று காண்டங்களில், 92 படலங்களில், 5027 விருத்தங்கள் வரை சென்று, உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நிற்கிறது. நாயகத்தின் முழு வாழ்வும் அதில் முற்றுப்பெறவில்லை. எஞ்சியதைப் பின்னர்ச் 'சின்ன சீறா'வில் பாடியவர் பனீ அகமது மரைக்காயர். அதனால் உமறுவின் நூலை எவரும் குறைநூல் என்று ஒதுக்கவில்லை. எழுத்து நிற்பதில் இழிவில்லை. பொருள் தேடாமலும், சிறிதும் எழுதாமலும், ஒரு செவியையும் நாடாமலும் நின்றுவிடுவதே இழிவு.